லோடுக்கு லோடு கடித்த பெட்டி: பெயர் தெரியாத ஒரு ரோமை வாசித்த குறிப்பு

போன வருஷம் அரியலூரில் ஒரு பழைய இரும்புக் கடையில், எடைக்குப் போட்டிருந்த குவியலில் இருந்து ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து வந்தேன். பெட்டி இல்லை, பெயர்த் தகடும் இல்லை. நடுவில் 40 கால் சிப் உட்காரும் சாக்கெட் காலியாக இருந்தது. யாரோ பிராசஸரைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு 28 கால் சிப், அதன் மேல் பாதி உரிந்த ஸ்டிக்கர். அதில் எழுதியிருந்தது வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. "ஏதோ ஃபேக்டரி சாமான் தம்பி, வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர்.

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்தார். இருபத்தைந்து வருஷம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். போர்டின் விளிம்பில் வரிசையாக இருந்த ஆறு சிவப்பு எண் டிஸ்ப்ளேக்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"டேய், இது வே பிரிட்ஜ் பொட்டி மாதிரி இருக்குடா. லோடுக்கு லோடு கடிக்கும்."

"கடிக்கும்னா?"

"எடையைக் கொறைச்சுக் காட்டும். எங்களுக்கு டன் கணக்குலதான கூலி. எல்லா டிரைவரும் சொல்லிப் பாத்தோம், எவனும் காதுல வாங்கல. நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே. உள்ள என்ன எழுதி வச்சிருக்கான்னு பாத்துச் சொல்லு."

ஆக எனக்கு இரண்டு கேள்விகள். இது நிஜமாகவே எடை மேடைப் பெட்டிதானா? ஆமென்றால், அது கடித்ததா? இரண்டுக்கும் பதில் அந்த ஜன்னல் வைத்த சிப்புக்குள் இருக்கும் என்று நினைத்தேன். பாதி சரி, பாதி தப்பு. அந்தப் பாதி எது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல் வேலை: படி எடுப்பது

அந்தச் சிப்பின் பெயர் ஈப்ரோம். இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்தது, 1971. ஒவ்வொரு பிட்டும் கண்ணாடிப் பூச்சுக்குள் சிறைப்பட்ட கொஞ்சம் மின்னூட்டம், அவ்வளவுதான். மின்னூட்டம் இருந்தால் 0, இல்லையென்றால் 1. ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளி பட்டால் மின்னூட்டம் கசிந்து எல்லாம் 1 ஆகிவிடும், சிப் வெறுமையாகிவிடும். அதனால்தான் ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் அழிந்துவிடலாம் என்று தயாரிப்பாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலில், பழைய இரும்புக் கடை வாசலில், பாதி ஸ்டிக்கரோடு அது எத்தனை நாள் கிடந்ததோ!

எனவே வாசிப்பதற்கு முன் படி எடுக்க வேண்டும். கங்கைகொண்ட சோழபுரம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே சுவரெல்லாம் எழுத்து. கல்வெட்டு படிப்பவர்கள் சுவர் முன்னால் நின்றபடியே பொருள் சொல்லிவிட மாட்டார்கள். முதலில் ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பார்கள், வாசிப்பு பிறகுதான். ரோமுக்கும் அதே ஒழுங்கு. டிஎல்866 வகை புரோகிராமர் ஒன்றும், மினிப்ரோ என்ற இலவச மென்பொருளும் போதும்.

சிப்பின் மேல் 2764 என்று இருந்தது. 8192 பைட், அதாவது 8 கேபி. நான் ஒரு தடவை படித்துவிட்டு நிறுத்தவில்லை. ஐந்து தடவை படித்தேன், மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் படித்தேன். களைத்துப்போன பிட் இருந்தால் ஒரு தடவை 0, ஒரு தடவை 1 என்று தடுமாறும். அப்படித் தடுமாறினால் 0 என்பதைத்தான் நம்ப வேண்டும். காலம் 0-வை 1 ஆக்கும், 1-ஐ 0 ஆக்காது. நல்ல வேளை, ஐந்து படியும் ஒன்றாகவே வந்தன.

அடுத்து கைரேகை பார்த்தேன். ஒரு கோப்பின் எல்லா பைட்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சுருக்கும் சிஆர்சி என்ற கணக்கு இருக்கிறது. பழைய வீடியோ கேம் இயந்திரங்களுக்கு 1997-ல் தொடங்கிய மேம் திட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கான சிப்களின் கைரேகைகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். கையில் இருக்கும் சிப்பின் எண் அதில் இருந்தால் ஒரு நொடியில் விடை வந்துவிடும். என் சிப் அதில் இல்லை. இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. விளையாட்டு இயந்திரத்தைத் தேடிப் பிடித்துச் சேமிக்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. கல் லாரியை எடை போட்ட பெட்டியைச் சேமிக்க யார் இருக்கிறார்கள்?

போர்டு சொல்லும் சாட்சி

எண்களைத் திறப்பதற்கு முன் போர்டைக் கேட்க வேண்டும். 40 கால் சாக்கெட் என்றால் அந்தக் காலத்தில் நான்கைந்து பேர்தான் வந்து உட்காரக் கூடியவர்கள். 1975-ல் வந்த 6502, 1976-ல் வந்த 8085, அதே வருஷம் வந்த இசட்80, 1980-ல் வந்த 8051 குடும்பத்தின் 8031, அப்புறம் 8086-ம் 8088-ம். நம் நாட்டில் எல்லாமே புழங்கியிருக்கின்றன. 1984-ல் பள்ளிகளுக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரில் இருந்தது 6502. பெரம்பலூர் பக்கம் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு 8085 ஆய்வகப் பெட்டியின் பொத்தான்கள் இன்னும் விரல் நுனியில் இருக்கும்.

உட்கார்ந்தவர் போய்விட்டாலும் நாற்காலி சாட்சி சொல்லும். மல்டிமீட்டரை 'பீப்' வைத்துக்கொண்டு, எந்தக் காலுக்கு 5 வோல்ட் போகிறது, எந்தக் காலுக்கு கிரவுண்ட் போகிறது என்று பார்த்தேன். 6502 என்றால் 8-ம் காலில் 5 வோல்ட். இசட்80 என்றால் 11-ல் 5 வோல்ட், 29-ல் கிரவுண்ட். இந்தப் போர்டில் 40-ல் 5 வோல்ட், 20-ல் கிரவுண்ட். அதோடு இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். 8086-க்கும் 8088-க்கும் 1-ம் காலிலும் கிரவுண்ட் வேண்டும். இங்கே இல்லை, அவர்களும் போயாச்சு. மிச்சம் 8085, 8031. கிரிஸ்டல் எந்தக் காலோடு சேர்கிறது? 8031-க்கு 18, 19. 8085-க்கு 1, 2. இங்கே 1, 2.

ஆக 8085. ரோமின் ஒரு எண்ணைக்கூடப் பார்க்காமல் இவ்வளவு தூரம் வரலாம். இன்னும் கொஞ்சம் பார்த்தேன். 6116 என்ற 2 கேபி ரேம் ஒன்று, பக்கத்தில் பச்சை பூத்துக் கசிந்த ரீசார்ஜ் பேட்டரி. வெளியுலகத்தோடு பேசும் 8255 ஒன்று. 7135 என்று முடியும் 28 கால் சிப் ஒன்று. இந்தக் கடைசிச் சிப் சின்ன மின்னழுத்தத்தை அளந்து இலக்கங்களாகக் கொடுப்பது. அப்போதே சித்தப்பா பக்கம் தராசு கொஞ்சம் சாய்ந்தது.

டிஸ்அசெம்ப்ளர் 'தெரியாது' என்று சொல்லாது

போர்டு இல்லாமல் சிப் மட்டும் கிடைத்திருந்தால்? பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும். அதனால் போர்டு சொன்னதை மறந்துவிட்டு, ரோமின் எண்கள் மட்டும் என்ன சொல்கின்றன என்று தனியாகப் பார்த்தேன். இரண்டு சாட்சிகள் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் நம்பிக்கை வரும்.

டிஸ்அசெம்ப்ளர் என்பது எண்களைத் திரும்பக் கட்டளைகளாக மாற்றிக் காட்டும் மென்பொருள். பல உண்டு. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019 மார்ச்சில் இலவசமாக வெளியிட்ட கிட்ராவுக்கு 8085, இசட்80, 6502, 8051 எல்லாமே தெரியும். ஆனால் எந்தப் பிராசஸர் என்று நாம்தான் சொல்ல வேண்டும். நாம் தப்பாகச் சொன்னாலும் அது கோபித்துக்கொள்ளாது, பக்கம் பக்கமாகக் கட்டளைகளை அச்சடித்துத் தரும். இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் விழும் பள்ளம் இதுதான்.

பள்ளிக்கூட இலக்கணத்தில் பொதுமொழி என்று படித்திருப்போம். 'தாமரை' என்று சேர்த்துப் படித்தால் பூ, 'தா மரை' என்று பிரித்தால் தாவுகிற மான். 'வேங்கை' என்றால் மரம், 'வேம் கை' என்றால் வேகிற கை. எழுத்து ஒன்றுதான், வெட்டுகிற இடம் வேறு. பழைய கல்வெட்டிலும் இதே சிக்கல். புள்ளி இருக்காது, சொல்லுக்கு நடுவே இடைவெளி இருக்காது, எங்கே வெட்டுவது என்பதில்தான் வாசிப்பவரின் புலமை. ரோம் முழுக்க முழுக்கப் பொதுமொழி. இடைவெளியே இல்லாத எட்டாயிரம் எழுத்து.

என் சிப்பின் முதல் ஏழு பைட்டைப் பாருங்கள். பதினாறடிமானத்தில் எழுதுவதுதான் வழக்கம். இங்கே எல்லோருக்கும் பழகின சாதாரண எண்களிலேயே தருகிறேன்.

243 49 0 40 195 64 0

8051 என்று சொல்லிப் படித்தால் வருவது இது: ஒரு எண்ணை வெளி நினைவகத்தில் வை, 256-ம் முகவரிக்குப் போய்விட்டு வா, ஒரு எண்ணைக் கூட்டு, கேரி பிட்டை அழி, கேரி பிட் இருந்தால் தாவு, பூஜ்யம் அடி தூரம். கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இப்போதுதான் கேரியை அழித்தோம், உடனே அது இருக்கிறதா என்று கேட்கிறது. இருந்தாலும் பூஜ்யம் அடிதான் தாவும், அதாவது அடுத்த வரிக்கே வரும். ஒவ்வொரு வரியும் இலக்கணப்படி சரி, சேர்த்துப் படித்தால் உளறல். எந்த மனுஷனும் இப்படி எழுத மாட்டான்.

6502 என்று சொன்னால் முதல் பைட்டிலேயே தடுக்கும். 256 எண்களில் 151-க்குத்தான் அதில் முறையான பொருள் உண்டு. 243-க்கு இல்லை. இல்லாத கட்டளைகள் நிறைய உள்ள பிராசஸர்கள் தப்பை சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். 8085-ல் 246 எண்களுக்குப் பொருள் உண்டு, அதனால் அது எந்தக் குப்பையையும் தயங்காமல் படிக்கும்.

8085 என்று படித்தால்: குறுக்கீடுகளை நிறுத்து, ஸ்டாக்கை 10240-ல் வை, 64-ம் முகவரிக்குப் போ. அந்த 10240 வந்தது 40 பெருக்கல் 256 என்பதில் இருந்து. மின்சாரம் வந்ததும் ஒரு இயந்திரம் செய்ய வேண்டிய முதல் மூன்று வேலையும் இவைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ரோம் 8 கேபி, முகவரி 0 முதல் 8191 வரை. அதற்கு அடுத்தபடி 2 கேபி ரேம் வைத்தால் 8192 முதல் 10239 வரை. ஸ்டாக் மேலிருந்து கீழே வளரும், எழுதுவதற்கு முன் ஒன்று குறையும். ஆகவே அதை 10240-ல் வைப்பவர், கையில் சரியாக 2 கேபி ரேம் வைத்திருப்பவர். போர்டில் இருந்த 6116-ஐ ரோம் பார்த்ததே இல்லை, ஆனாலும் அதன் அளவைச் சொல்லிவிட்டது.

எட்டு பைட், இரண்டு பிராசஸர்

ஒரு சிக்கல் மிச்சம். இசட்80 என்பது 8080 குடும்பத்தின் கட்டளைகளை முழுக்க ஏற்றுக்கொண்டு மேலே கட்டியது. அதனால் மேலே உள்ள ஏழு பைட்டும் இசட்80-க்கும் அதே பொருள் தரும். இரண்டையும் பிரிக்க அடுத்த அடி வைத்து 64-ம் முகவரிக்குப் போனேன்.

62 152 211 3 62 11 48 251

முதல் நான்கும் இரண்டு பேருக்கும் ஒன்றே: 152 என்ற எண்ணை 3-ம் போர்ட்டுக்கு அனுப்பு. 8255-ஐத் தயார் செய்யும் கட்டளை எண் அது. 'ஏ' வாசல் உள்ளே வர, 'பி' வாசல் வெளியே போக, 'சி' வாசலைப் பாதிப் பாதி என்று பொருள். அடுத்த நாலு பைட்டில்தான் பாதை பிரிகிறது.

48 என்பது 8085-க்கு மட்டும் உள்ள ஒரு கட்டளை, எந்தக் குறுக்கீட்டை அனுமதிப்பது என்று சொல்வது. 11 என்ற எண்ணோடு அதைச் சொன்னால், 7.5 என்ற குறுக்கீட்டை மட்டும் அனுமதி, 5.5-ஐயும் 6.5-ஐயும் மூடிவை என்று பொருள். 251 என்றால் குறுக்கீடுகளைத் திற. ஒழுங்காக இருக்கிறது.

இசட்80-ல் 48 என்பது தாவும் கட்டளை, 251 அதன் தூரம், அதாவது ஐந்து அடி பின்னால். கணக்குப் போட்டால் 67-ம் முகவரி வருகிறது. அங்கே இருப்பது 3, போர்ட் எண். ஒரு கட்டளையின் நடு வயிற்றில் போய் இறங்குகிறது. இப்படி நடு வயிற்றில் இறங்கும் தாவல்கள் அடிக்கடி வந்தால் பிராசஸரைத் தப்பாகச் சொல்லியிருக்கிறோம் என்று அர்த்தம். ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்வேன்: தாவல்கள் போய்ச் சேரும் இடமெல்லாம் கட்டளையின் தலையா, வயிறா?

கடைசியாக, 8085-ல் குறுக்கீடு வந்தால் போகும் இடங்கள் நிலையானவை: 36, 44, 52, 60. இந்த ரோமில் 36-லும் 60-லும் வேறு இடத்துக்குத் தாவும் கட்டளை. 44-லும் 52-லும் 'ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போ' என்பது மட்டும். 5.5-க்கும் 6.5-க்கும் உரிய இடங்கள் இவை. மூடி வைத்த அறைகளில் ஒன்றும் வைக்கவில்லை. இரண்டு இடத்தில் எழுதிய இரண்டு விஷயம் ஒன்றையொன்று ஆமோதிக்கிறது. இப்படி ஆமோதிப்புகள் சேரச் சேரத்தான் 'இது 8085' என்று துணிந்து சொல்ல முடியும்.

கட்டளையா, தகவலா

ரோமில் இருப்பதெல்லாம் கட்டளை இல்லை. எழுத்துகள், அட்டவணைகள், மாறாத எண்கள் எல்லாம் கலந்தே இருக்கும். முதல் பைட்டில் தொடங்கி வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் தகவலையும் கட்டளையாகப் படித்துவிடுவோம். அதனால் வழி பின்பற்றிப் போக வேண்டும். 0-ல் தொடங்கி, குறுக்கீட்டு இடங்களில் தொடங்கி, ஒவ்வொரு தாவலையும் தொடர்ந்து போய், கால் பட்ட இடத்தையெல்லாம் 'கட்டளை' என்று குறித்துக்கொண்டே போவது. கால் படாத இடம் பெரும்பாலும் தகவல். கிட்ரா இதைத் தானே செய்யும்.

கால் படாத ஓர் இடத்தில் இது இருந்தது: 71 82 79 83 83. 8085-க்கு இது 'ஒரு பதிவேட்டில் இருந்து இன்னொன்றுக்கு எடுத்து வை' என்ற ஐந்து கட்டளை. அதில் ஒன்று, 82, தன்னிடம் இருப்பதைத் தன்னிடமே வைக்கிறது. கடைசி இரண்டும் ஒரே வேலையை இரண்டு தடவை செய்கின்றன. சந்தேகப்பட்டு எழுத்தாக மாற்றினால் 'கிராஸ்' என்ற ஆங்கிலச் சொல். மொத்த எடை! ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அத்தனையும் 8085-க்கு 'எடுத்து வை' கட்டளையாகவே தெரியும். எடுத்து வை, எடுத்து வை என்று காரணமில்லாமல் நீண்டுகொண்டே போனால் அது எழுத்து என்று சந்தேகப்படலாம். பக்கத்திலேயே 'டேர்', 'நெட்' இரண்டும் இருந்தன. காலி வண்டி எடை, நிகர எடை.

இன்னொரு இடத்தில்: 63 6 91 79 102 109 125 7 127 111. இதை எலக்ட்ரானிக்ஸ் பழகினவர்கள் பார்த்ததும் சிரிப்பார்கள். ஏழு கோடுகளால் எண் காட்டும் டிஸ்ப்ளேயில் ஒவ்வொரு கோட்டுக்கும் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று மதிப்பு. '1' காட்ட வலப்பக்கம் இரண்டு கோடு, 2-ம் 4-ம், ஆக 6. '7' காட்ட அதோடு மேல்கோடு 1, ஆக 7. '8' என்றால் எல்லாக் கோடும், 127. பூஜ்யம் முதல் ஒன்பது வரைக்கான அட்டவணை இது. டிஸ்அசெம்ப்ளர் இதையும் கூச்சமில்லாமல் 'கேரியைப் புரட்டு' என்று ஆரம்பித்துக் கட்டளையாகவே படித்துத் தந்தது.

முதல் கேள்விக்கு விடை கிடைத்தாயிற்று. சித்தப்பா சொன்னது சரி, இது வே பிரிட்ஜ் பெட்டிதான்.

கடித்த இடம்

இரண்டாவது கேள்விக்கு எடை எங்கிருந்து எங்கே போகிறது என்று பின்தொடர வேண்டும். 7135 தரும் இலக்கங்கள் 8255 வழியாக உள்ளே வருகின்றன. ரேமில் வைத்திருக்கும் ஓர் எண்ணால் பெருக்கப்பட்டு கிலோவாக மாறுகின்றன. ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடுக்கப்படுகின்றன. அப்புறம் 2600-ம் முகவரியில் இருக்கும் ஒரு சின்னத் துண்டுக்குப் போகின்றன. அங்கே இருந்தது:

230 240

கடைசி பைட்டின் கீழ்ப் பாதியை அழி. அதாவது ஒற்றை இலக்கத்தைப் பூஜ்யமாக்கு. 38,249 கிலோ வந்தால் 38,240 என்று காட்டு.

படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்து கிலோவுக்கு ஒரு படி என்று காட்டுவதில் தப்பில்லை, பெரிய எடை மேடைகள் அப்படித்தான். ஆனால் அருகில் இருக்கும் பத்துக்கு முழுமையாக்க வேண்டும் என்றால் முதலில் 5 கூட்டிவிட்டு அப்புறம்தான் அழிக்க வேண்டும். இங்கே அந்த 5 இல்லை. 9 கிலோ வரை கீழேதான் போகும், மேலே போகவே போகாது. சித்தப்பா இருபத்தைந்து வருஷமாகச் சொன்னதற்கு இரண்டு பைட்டில் ஆதாரம்! அன்றைக்கு ராத்திரியே இந்தப் பதிவை எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

தூங்கி எழுந்து இன்னொன்று பார்த்தேன். இந்தத் துண்டை யார் யார் கூப்பிடுகிறார்கள்? 8085-ல் 'போய்விட்டு வா' என்பது 205. முகவரியின் கீழ்ப்பாதி முன்னால் வரும். 2600 என்பது 10 பெருக்கல் 256, கூட்டல் 40. ஆகவே 205 40 10 என்று தேடினேன். இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று லோடு வண்டியின் எடைக்கு. இன்னொன்று காலி வண்டியின் எடைக்கு.

காலி வண்டியையும் அதே கத்தி வெட்டுகிறது. கூலி இரண்டுக்குமான வித்தியாசத்துக்கு. லோடு 38,249, காலி 12,711 என்றால் நிஜ வித்தியாசம் 25,538, பெட்டி காட்டுவது 25,530, எட்டு கிலோ நஷ்டம். லோடு 38,241, காலி 12,719 என்றால் நிஜம் 25,522, பெட்டி காட்டுவதோ அதே 25,530, எட்டு கிலோ லாபம். ஒரு தடவை போகும், ஒரு தடவை வரும். பல லோடு சேர்ந்தால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். எழுதினவர் சோம்பேறியாக இருக்கலாம், திருடர் இல்லை.

அதோடும் விடவில்லை. இந்த வகைப் பத்திலக்கக் கணக்கில் ஒவ்வொரு கூட்டல் கழித்தலுக்குப் பின்னும் 39 என்ற திருத்தக் கட்டளை வந்தாக வேண்டும். அதனால் கட்டளைப் பகுதியில் வரும் ஒவ்வொரு 39-ஐயும் தேடிப் போனேன். குறிப்பிட்ட எடைக்கு மேல் போனால் கழிப்பது, ஏதாவது ரகசியப் பொத்தான் வரிசைக்கு வேறு கணக்குப் போடுவது என்று எதுவும் இல்லை.

தப்பான பிராசஸரோடு படித்தால் உளறல் வரும், அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். சரியான பிராசஸரோடு பாதி மட்டும் படித்தால் வருவது உளறல் இல்லை, குற்றச்சாட்டு. அது தன்னைக் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் அது அதிக ஆபத்து.

ரோமில் இல்லாதது

சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப நாங்க சொன்னதெல்லாம் பொய்யா?"

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "சித்தப்பா, காலி எடை எப்பப் போடுவீங்க? ஒவ்வொரு நடைக்குமா?"

"ஒவ்வொரு நடைக்கும் எவன் போடுவான்? காலைல டீசல் அடிச்சிட்டு நேரா வந்து ஒரு தடவை போடுவோம். அன்னைக்கு முழுக்க அதான் கணக்கு."

தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு நடைக்கு 6 லிட்டர் டீசல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசல் சுமார் 0.83 கிலோ, ஆக நடைக்கு ஏறக்குறைய 5 கிலோ வண்டி இளைக்கிறது. ஆனால் கழிப்பது காலையில் டாங்க் நிரம்பி இருந்தபோது போட்ட எடையை. முதல் நடையில் 5 கிலோ குறையும், இரண்டாவதில் 10, பத்தாவதில் 50. பத்து நடைக்கும் கூட்டினால் 275 கிலோ. ஒரு நாளைக்குக் கால் டன்னுக்கு மேல் கல், கூலிக் கணக்கில் இல்லாமல் போகிறது. இது எப்போதும் ஒரே பக்கம்தான் போகும், திரும்பி வராது. யாரும் வேண்டுமென்று செய்திருக்க வேண்டியதில்லை. எந்தச் சிப்பிலும் எழுதி இருக்காது.

இன்னொரு விஷயமும் ரோமில் இல்லை. இலக்கத்தைக் கிலோவாக மாற்றும் அந்தப் பெருக்கும் எண் ரேமில் இருந்தது, பேட்டரியின் தயவில். பேட்டரி கசிந்து செத்தபோது அதுவும் போய்விட்டது. அந்த எண்ணை ஒருவர் கொஞ்சம் மாற்றி வைத்திருந்தால் எல்லா எடையும் மாறும், ரோம் அப்படியே யோக்கியமாக இருக்கும். அதைப் பிடிக்கத்தான் எடை மேடைக்கு வருஷத்துக்கு ஒரு முறை சரிபார்ப்பும் முத்திரையும் வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். மேடையில் தெரிந்த எடைக் கற்களை ஏற்றிப் பார்ப்பதற்கு ஈடாக எந்த டிஸ்அசெம்ப்ளரும் இல்லை.

அதனால் என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான்: இந்தச் சிப்பில் எழுதியிருக்கும் கணக்கில் கள்ளம் இல்லை. அந்த மேடையில் கள்ளம் இல்லை என்று இந்தச் சிப் சொல்லவில்லை.

உங்கள் ஊர் இரும்புக் கடையிலும் இப்படி ஜன்னல் வைத்த சிப் கண்ணில் பட்டால் முதலில் ஜன்னலை எதையாவது வைத்து மூடுங்கள், கறுப்பு இன்சுலேஷன் டேப் போதும். போர்டோடு சேர்த்தே எடுங்கள். சிப்பை மட்டும் பிடுங்கினால் பாதிச் சாட்சியை விட்டுவிட்டு வருகிறீர்கள்.

என் சிப்புக்குப் புது ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினேன். '8085, எடை மேடை, 8 கேபி' என்று எழுதி, படி எடுத்த தேதியும் போட்டேன். சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"கடிக்காதுன்னும் எழுதுடா."

அதை மட்டும் எழுதவில்லை.